மண்ணுக்கு மேலே தெரிவதை மட்டும் காக்காதீர்கள்: யஸ்த் நகரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரான் பண்பாட்டுப் பாரம்பரியம், சுற்றுலா, கைவினைத் துறை அமைச்சகத்துக்கும், யஸ்த் நகராட்சிக்கும், அந்நகரிலேயே இயங்கும் கனாத் ஆய்வு மையத்துக்கும்,

வணக்கம்.

2017 ஜூலையில் போலந்தின் கிராக்கோவ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு யஸ்தின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்படிச் சேர்ந்துவிட்டால் அந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களும் வாய் திறக்கலாம் என்று ஆகிவிடுகிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நான் ஈரானியன் அல்ல. பாசனப் பொறியாளராக வேலை பார்த்தவன். வாய்க்கால், மதகு, கிணறு என்றே என் காலம் போனதால், உங்கள் ஊரில் மற்றவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்த்த இடங்களில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யஸ்தில் நீங்கள் முதலில் பழுது பார்க்க வேண்டிய கட்டடம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. அது கனாத், அதாவது நிலத்தடித் தண்ணீர்ச் சுரங்கம். மசூதி, காற்றுக் கோபுரம், தோட்டம் எல்லாம் அதை நம்பி மேலே எழும்பியவை. கீழே ஓடுகிற தண்ணீரை வற்ற விட்டுவிட்டு மேலே மண்ணைப் பூசி அழகு பார்த்தால் அது பாதுகாப்பு ஆகாது. இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரானின் நடுவில், கவீர் உப்புப் பாலைக்கும் லூத் பாலைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது யஸ்த். ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைக் கூட்டினாலும் 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். கோடையில் வெயில் 40 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ஊர் வழியாக ஓடுகிற ஆறு கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் இன்று ஐந்து லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்த வழியாகப் போன மார்க்கோ போலோ இங்கே நெய்த பட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பட்டு நெய்ய வேண்டுமானால் முசுக்கொட்டை மரம் வேண்டும், மரத்துக்குத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஊருக்குத் தென்மேற்கே ஷீர்கூஹ் மலை. 4,000 மீட்டருக்கு மேல் உயரம். குளிர்காலத்தில் அதன் தலையில் பனி விழும். அது உருகி இறங்கும்போது அடிவாரத்துச் சரளைப் படுகைக்குள் புகுந்து மறைந்துவிடும். தண்ணீர் நிலத்துக்குள் இருக்கிறது, ஊர் தாழ்வான சமவெளியில் இருக்கிறது. நடுவில் பல கிலோமீட்டர் வெறும் பாலை. தண்ணீரைத் திறந்த வாய்க்காலில் கொண்டுவந்தால் பாதி வழியிலேயே வெயில் குடித்துவிடும். அதனால் உங்கள் முன்னோர்கள் வாய்க்காலை மண்ணுக்கு அடியிலேயே வெட்டிவிட்டார்கள்.

ஒரு பொறியாளனாக இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். முதலில் உயரமான இடத்தில் தாய்க்கிணறு. நீர் ஊறுகிற அடுக்கு தட்டுப்படும் வரை அதைத் தோண்ட வேண்டும். அப்புறம் ஊர்ப் பக்கத்தில் தண்ணீர் வெளியே வர வேண்டிய இடத்திலிருந்து தாய்க்கிணற்றை நோக்கிச் சுரங்கத்தைக் குடைந்துகொண்டே போக வேண்டும். வழி நெடுக மண்ணை வெளியேற்றவும் காற்று புகவும் இடைவெளி விட்டுச் செங்குத்துக் கிணறுகள். சரிவு மிக மிகக் குறைவு. நீளமான கனாத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான் இறக்கம் இருக்கும். அதற்கு மேல் சரிந்தால் வேகமாக ஓடுகிற தண்ணீர் சுரங்கத்தின் தரையையே அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். கருவிகள் கையில் இருக்கிற இந்தக் காலத்திலேயே பத்துக் கிலோமீட்டருக்கு இப்படி ஒரு சரிவைப் பிசகாமல் பிடிப்பது லேசான வேலையல்ல.

அவர்கள் அதை எண்ணெய் விளக்கை வைத்துச் செய்தார்கள். சுரங்கத்துக்குள் குந்தியபடி குட்டைக் கைப்பிடிக் கொத்தினால் வெட்டுகிற முகன்னி, தனக்குப் பின்னால் இரண்டு விளக்குகளை ஏற்றி வைத்துக்கொள்வார். அவ்வப்போது திரும்பிப் பார்ப்பார். இரண்டு சுடரும் ஒன்றாகத் தெரிந்தால் சுரங்கம் நேராகப் போகிறது. ஒன்று விலகித் தெரிந்தால் கை கோணிவிட்டது. விளக்கில் ஆமணக்கு எண்ணெய். சுடர் சிறுத்துக்கொண்டே வந்தால் காற்று போதவில்லை, உடனே வெளியேற வேண்டும். தளர்ந்த மண் வருகிற இடத்தில் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி மேலே இருந்து சரியாமல் தாங்குவார்கள். மேலே இரண்டு பேர் ராட்டினத்தைச் சுற்றித் தோல் வாளியில் மண்ணை இழுத்துக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த மண்தான் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வளையமாகக் குவிந்து, வானத்திலிருந்து பார்த்தால் பாலையில் வரிசையாகக் குழிகள் போட்டது போல இன்றும் தெரிகிறது.

முகன்னிகள் வெள்ளை உடை உடுத்தி இறங்குவார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு காரணம். மேலே மண் சரிந்துவிட்டால் அதுவே கோடித்துணியாகவும் இருக்கட்டும் என்பது இன்னொன்று. மனசு சரியில்லாத நாளில் இறங்க மாட்டார்கள். போகச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் கூடாது என்பது தொழில் மரபு. தாங்கள் வெட்டுகிற கனாத்தையே அவர்கள் கொலைகாரன் என்று சொல்வதுண்டு. யஸ்தின் முகன்னிகளுக்கு ஈரான் முழுக்கப் பேர். தலைமுறை தலைமுறையாக அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. இந்த மனிதர்களைப் பற்றிக் கீழே மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

2016-இல் பாரசீகக் கனாத்துகள் பதினொன்று ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதில் ஒன்று ஸார்ச் கனாத். நீளம் 70 கிலோமீட்டருக்கு மேல், வழியில் செங்குத்துக் கிணறுகள் 2,000-க்கும் மேல். உலகிலேயே மிக நீளமான கனாத்துகளில் ஒன்று. அது யஸ்த் நகரத்துக்கு அடியில், ஊரின் பெரிய பள்ளிவாசலான உங்கள் ஜாமே மசூதிக்கு அடியிலேயே போகிறது. மசூதியைப் பார்க்க வருகிறவர்கள் நீல ஓடு பதித்த நுழைவாயிலையும், அதன் மேல் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிற இரட்டை மினாராக்களையும் பார்த்து வாய் பிளந்து நிற்கிறார்கள். நிற்க வேண்டியதுதான். 14-ஆம் நூற்றாண்டின் ஓட்டு வேலையில் அதற்கு இணை சொல்வது கஷ்டம். ஆனால் அங்கேயே கனாத்துக்கு இறங்குகிற படிக்கட்டு ஒன்றும் இருக்கிறது. பாயாப் என்பார்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவ இந்தப் படிகளில் இறங்கித்தான் தண்ணீரைத் தொட்டிருக்கிறார்கள்.

அந்தப் படிகளில் பத்துப் பன்னிரண்டு இறங்குவதற்குள் வெளியே அடித்த அனல் காணாமல் போய்விடும். சுவரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். படிகளின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து குழிந்திருக்கும். எத்தனை தலைமுறைகளின் வெறுங்கால்! அந்தக் குழிவுதான் எனக்கு அந்த மசூதியிலேயே பெரிய வேலைப்பாடாகத் தெரிந்தது. நகரின் பழைய வீடுகள் பலவற்றிலும் இப்படிப் படி உண்டு. கனாத் தங்கள் வீட்டுக்கு அடியில் போவது ஒரு செல்வம். நீரோட்டத்தின் மேல்பக்கம் இருந்தவர்களுக்குத் தெளிந்த தண்ணீர், கீழ்ப்பக்கம் இருந்தவர்களுக்கு அவர்கள் புழங்கி விட்டது. யார் வீடு எங்கே இருந்தது என்பதற்கும் இந்தச் சுரங்கத்துக்கும் சம்பந்தம் இருந்தது. நகர வரைபடத்தைத் தண்ணீர் வரைந்திருக்கிறது.

தண்ணீரைப் பங்கிட்டதும் அதே நேர்த்தியோடுதான். பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர், அதன் மேல் அடியில் சின்னத் துளை போட்ட செம்புக் கிண்ணம். துளை வழியாக நீர் ஏறி ஏறிக் கிண்ணம் மூழ்கும். ஒரு முறை மூழ்கினால் ஒரு பங்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் மிதக்க விடுவார். இரவும் பகலும் இதே வேலை. அவர் சொன்னால் மடை திரும்பும். அவர் வார்த்தையை ஊர் நம்பியது, அதனால்தான் பாலையில் கத்திக்குத்து இல்லாமல் தோட்டம் விளைந்தது.

காற்றுக் கோபுரங்களுக்கு வருகிறேன். யஸ்தின் அடையாளமே பாத்கீர்தான், அதாவது காற்றுக் கோபுரம்தான் என்று உங்கள் விளம்பரத் தாள்கள் எல்லாம் சொல்கின்றன. தௌலதாபாத் தோட்டத்தில் உள்ளது சுமார் 33 மீட்டர் உயரம், எட்டுப் பக்கம், மண் கட்டுமானத்தில் உலகிலேயே உயரமானவற்றில் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டில் யஸ்தை ஆண்ட முகம்மது தகி கான் கட்டியது. அதன் அடியில் நின்றால், மேலிருந்து இறங்குகிற காற்று கீழே உள்ள தொட்டித் தண்ணீரைத் தடவிவிட்டு முகத்தில் அடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும் கோபுரம் காற்றைக் கொண்டுவரும், ஆனால் அது வெறும் காற்று. அந்தத் தொட்டிக்கும், சைப்ரஸ் மரங்களுக்கும், மாதுளைக்கும், திராட்சைக்கும் மெஹ்ரீஸ் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த கனாத் நீர்தான் உயிர். கோபுரத்தை அஞ்சல் அட்டையில் அச்சடிக்கிற நாம் மறைந்து ஓடிய தண்ணீரை மறந்துவிட்டோம். நீர்த்தேக்கங்களும் அப்படித்தான். ஆறு காற்றுக் கோபுரங்கள் சுற்றி நிற்க நடுவில் கவிகை கவிழ்ந்த அந்தப் புகழ்பெற்ற தொட்டியைப் படம் எடுக்காத பயணி இல்லை. கோபுரங்கள் எதற்கு? உள்ளே சேர்த்து வைத்த கனாத் தண்ணீர் கெட்டுப்போகாமல் கோடை முழுக்கக் குளிர்ச்சியாக இருப்பதற்கு.

ஊரில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அமீர் சக்மாக் சதுக்கத்தின் முகப்பு, அதன் பக்கத்தில் நிற்கிற பிரமாண்டமான மர நக்ல். முஹர்ரம் மாதத்து ஆஷுரா நாளில் நூற்றுக்கணக்கான ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கிச் சுற்றுகிற இந்த வகை மரச் சட்டகம் எங்கள் ஊர்த் தேரைத்தான் எனக்கு நினைவூட்டியது. ஃபஹாதான் பகுதியின் கூரையிட்ட சந்துகள், லாரி மாளிகை, பன்னிரண்டு இமாம்கள் நினைவகம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவற்றையெல்லாம் நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள், அதற்கு நன்றி. வடக்கே மெய்போதில் உள்ள மண் கவிகைப் பனிக்கட்டிக் கிடங்கையும் புறா மாடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். மின்சாரம் இல்லாத காலத்தில் பாலைவனக் கோடையில் பனிக்கட்டி வைத்திருந்த ஊர்கள் இவை.

நெருப்புக் கோயிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரானின் பழைய மதத்தவரான சொராஸ்ட்ரியர்களின் யஸ்த் ஆத்தஷ் பஹ்ராமில் எரிகிற நெருப்பு கி.பி. 470 முதல் அணையவில்லை என்பது அவர்கள் மரபு. இப்போதுள்ள கட்டடம் 1934-இல் எழுந்தது, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்தியப் பார்சிகள் முக்கியமானவர்கள். ஆபத்து வந்தபோதெல்லாம் அந்த நெருப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மாறியிருக்கிறார்கள். நெருப்பைப் பொத்தி எடுத்துப் போகலாம். கனாத்தை அப்படித் தூக்கிப் போக முடியாது. இருக்கிற இடத்தில் காப்பாற்றினால் உண்டு, இல்லாவிட்டால் போயே போய்விட்டது. அதனால்தான் உங்கள் முன்னுரிமை வரிசையில் கனாத் மேலே வர வேண்டும் என்கிறேன்.

இனி, நடந்ததைப் பேசுவோம்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் டீசல் பம்பும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. 1960-களின் நிலச் சீர்திருத்தத்தில் நிலவுடைமை மாறியது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது நியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கனாத்தைத் தூர்வாரிப் பராமரித்து வந்த ஏற்பாடு உடைந்தபோது அதன் இடத்தில் வேறொன்றை யாரும் வைக்கவில்லை. கனாத்தின் பெரிய குணம், நிலம் எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவைத்தான் எடுக்கும். நீர்மட்டம் இறங்கினால் அதன் ஓட்டமும் தானாகக் குறையும். பம்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, இருக்கிற வரை உறிஞ்சும். தாய்க்கிணற்றின் பக்கத்தில் நாலு ஆழ்துளைக் கிணறு போட்டால், நீர்மட்டம் சுரங்கத்தின் தரைக்குக் கீழே போய்விடும். பல நூற்றாண்டு உழைப்பு ஒரு சில கோடைகளில் வெறும் பொந்து. யஸ்த், அர்தக்கான் சமவெளியில் நிலமே தாழ்ந்து வருவதைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அடியில் நீர் போனால் மண் அமுங்கும். அமுங்கிய படுகை மறுபடியும் பழையபடி நீர் பிடிக்காது. அதன் மேல்தான் உங்கள் மண் வீடுகளும் நிற்கின்றன.

சரி, அப்புறம் ஊர் எப்படித் தண்ணீர் குடிக்கிறது? 300 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, இஸ்ஃபஹானின் ஸாயந்தே ரூத் படுகையிலிருந்து கொண்டுவருகிறீர்கள். அந்த ஆறே பெரும்பாலான மாதங்கள் இஸ்ஃபஹானில் வறண்டு கிடக்கிறது. முப்பத்து மூன்று வளைவுப் பாலத்துக்கு அடியில் பிள்ளைகள் பந்து விளையாடுகிற படங்களை உலகமே பார்த்திருக்கிறது. இஸ்ஃபஹானுக்குக் கிழக்கே உள்ள விவசாயிகள் 2013-இல் அந்தக் குழாய் அமைப்பைச் சேதப்படுத்தினார்கள். 2025 மார்ச் இறுதியிலும் அதே நடந்தது. யஸ்தில் குழாய்கள் வற்றி மக்கள் தண்ணீருக்கு அலைந்தார்கள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. வயல் காய்ந்தவனின் கோபமும் புரிகிறது, குடம் ஏந்தி நின்றவனின் தவிப்பும் புரிகிறது. ஆனால் 2,000 கிணறுகள் வெட்டித் தன் தண்ணீரைத் தானே கொண்டுவந்த ஒரு நகரம் இன்னொரு நகரத்தின் ஆற்றை நம்பி உயிர் பிடித்திருப்பது என்னை உறுத்துகிறது.

இந்த முரணைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய நகரின் மொட்டை மாடிகளில் ஏதாவது ஒன்றில் ஏறினால் போதும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான காற்றுக் கோபுரங்கள். பல கோபுரங்களின் வாயைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அவற்றின் நிழலிலேயே தகரப் பெட்டி மாதிரி நீர்க் குளிரூட்டிகள். வைக்கோல் அடைப்பின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட, விசிறி காற்றை உள்ளே தள்ளும். ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரும் ஒரு யூனிட் மின்சாரமும் கேட்காத கோபுரத்தை மூடிவிட்டு, குழாய்த் தண்ணீரைக் காற்றில் விட்டு அறையைக் குளிர்விக்கிறோம். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடைக்காத கோபுரம் வழியாகத் தூசியும் பூச்சியும் புறாவும் வரும். தண்ணீர் நின்றுபோன பாயாப்பில் குளிர்ச்சியும் கிடையாது. கீழே ஓட்டம் நின்றால் மேலே கோபுரம் கொண்டுவருகிற காற்றில் குளிர்ச்சி போய்விடும். இரண்டும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள். நீங்கள் ஒரு பாகத்துக்கு மட்டும் உலகப் பாரம்பரியப் பட்டயம் வாங்கியிருக்கிறீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரண்டுக்குமே வாங்கியிருக்கிறீர்கள். செலவு மட்டும் ஒரு பக்கமாகப் போகிறது போலத் தெரிகிறது.

கனாத் ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து லட்சம் பேருக்கும், எஃகு ஆலைகளுக்கும், ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பழைய சுரங்கத் தண்ணீர் போதாது. கனாத்திலும் குறை உண்டு. தேவையில்லாத குளிர்காலத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், எளிதில் அடைக்க முடியாது. அதனால் இருக்கிற குழாயை அறுத்துவிடச் சொல்லவில்லை. மிச்சமிருக்கிற கனாத்துகளைச் சாகவிடாதீர்கள் என்பதுதான் கேட்பது.

அதற்கு என்ன செய்யலாம்? உங்கள் மரபிலேயே பதில் இருக்கிறது. கனாத்துக்கு ஹரீம் என்றொரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இன்னொரு கிணறு தோண்டக் கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கராஜி என்ற கணித அறிஞர் நிலத்தடி நீரை வெளிக்கொணர்வது பற்றி எழுதியபோதே இந்த எல்லையை எப்படிக் கணக்கிடுவது என்று பேசியிருக்கிறார். மண் இறுகியதா தளர்ந்ததா என்பதைப் பொறுத்து எல்லை மாறும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். அந்த ஹரீமை இன்றைய நீரியல் கணக்கோடு மறுபடியும் வரையுங்கள். ஸார்ச் கனாத்தின் தாய்க்கிணறு இருக்கிற மேற்படுகையில் புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கேட்டு வருகிறவர், பாரம்பரிய அமைச்சகத்தின் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்று ஆக்குங்கள். ஜாமே மசூதியின் பக்கத்தில் யாராவது எட்டு மாடி கட்ட வந்தால் விடுவீர்களா? மசூதிக்கு அடியில் போகிற தண்ணீரை இருபது கிலோமீட்டர் தள்ளி ஒருவர் உறிஞ்சுவதும் அதே கட்டடத்துக்குச் செய்கிற சேதம்தான்.

இரண்டாவது, முகன்னிகள். இன்று இந்த வேலை தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பிள்ளைகள் ஏன் இந்த வேலைக்கு வர வேண்டும்? இருட்டு, ஈரம், மூட்டு வலி, உயிருக்கு ஆபத்து. கூலியோ வேலை இருக்கும் நாளுக்கு மட்டும். ஓட்டு வேலை செய்கிற கலைஞருக்கும் தெர்மே என்கிற துணி நெய்கிறவருக்கும் கிடைக்கிற மரியாதை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். மரியாதை என்றால் மேடையில் பொன்னாடை போர்த்துவதைச் சொல்லவில்லை. மாதச் சம்பளம், காப்பீடு, தலைக்கவசம், வாயு அளக்கும் கருவி, வயதான பின் ஓய்வூதியம். ஒவ்வொரு மூத்த முகன்னியோடும் இரண்டு இளைஞர்களைச் சம்பளத்தோடு அனுப்புங்கள். கனாத் மையத்தில் உள்ள அறிஞர்களே, உங்களிடம் வரைபடங்களும் நூலகமும் இருக்கின்றன. ஆனால் எந்த இடத்து மண் சரியும், எந்தக் கிணற்றில் காற்று கெட்டது என்பது அந்தக் கிழவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களில் ஒருவர் போனால் ஒரு கனாத்தின் நோய்க் குறிப்பே போய்விடுகிறது.

மூன்றாவது, குடியிருக்கிற மனிதர்கள். பழைய நகரத்தில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்தேன். திறந்திருப்பவற்றில் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. முற்றத்தில் தொட்டி, அதைச் சுற்றிக் கம்பளம் விரித்த கட்டில், தேநீர். அழகுதான். அந்த வருமானத்தில்தான் சில வீடுகள் இடியாமல் நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணிகள் வருவதும் வராததும் தெஹ்ரானிலும் வேறு தலைநகரங்களிலும் நடக்கிற அரசியலைப் பொறுத்தது. ஒரு போர்ச் செய்தி வந்தால் போதும், விடுதி காலி. அப்போது அந்த வீட்டின் கூரைக்கு மண் பூசப்போவது யார்? காஹ்கெல் என்கிற வைக்கோல் கலந்த மண் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். குடியிருப்பவர் அதைச் செய்துகொண்டே இருப்பார். பூட்டிய வீட்டில் முதலில் ஒரு விரிசல், அப்புறம் மழை, அப்புறம் சுவர். 2022 ஜூலை இறுதியில் வந்த வெள்ளத்தில் உங்கள் பழைய நகரம் பட்ட அடி இன்னும் மறந்திருக்காது. ஆண்டில் 60 மில்லிமீட்டருக்குத் தயாரான மண் சுவர், ஒரே நாளில் கொட்டுகிற மழைக்கு நிற்காது. சிமெண்டைப் பூசினால் நிற்கும் என்று சிலர் பூசுகிறார்கள். அது உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, செங்கல்லை உள்ளிருந்தே கரைத்துவிடும். குடும்பங்கள் திரும்பி வருவதற்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள், காஹ்கெல் பூசத் தெரிந்த கொத்தனாரை நகராட்சிச் செலவில் அனுப்புங்கள், பள்ளிக்கூடமும் மருந்துக் கடையும் நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். மழைநீர் வடிகிற வழிகளையும் பாருங்கள். தூர்ந்து கிடக்கிற கனாத் கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கினால் தெருவே உள்வாங்கும். கனாத்தைப் பராமரிப்பது வெள்ளப் பாதுகாப்பும்கூட.

யஸ்துக்குப் போகத் திட்டமிடுகிற தமிழ்ப் பயணிகளுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வழிகாட்டியிடம் பாயாப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், சூரியன் மறையும்போது மொட்டை மாடியில் படம் எடுக்கிற நேரத்தில் கொஞ்சத்தை அதற்குக் கொடுங்கள். பயணிகள் எதைக் கேட்கிறார்களோ அதற்குத்தான் சுற்றுலாத் துறை பணம் செலவழிக்கும். விடுதியில் துண்டைத் தினமும் மாற்றச் சொல்லாதீர்கள், அந்தத் தண்ணீர் யாருடைய வயலிலிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அதிகாரிகளே, இவையெல்லாம் செய்து முடிக்க ஆண்டுகள் ஆகும், பணமும் வேண்டும் என்பது தெரியும். உங்கள் நாட்டின் மேல் இருக்கிற தடைகளும் நெருக்கடிகளும் தெரியாமல் இதை எழுதவில்லை. அதனால் இந்த ஆண்டே, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டு முடித்துக்கொள்கிறேன். ஸார்ச் கனாத்தில் நொடிக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, தாய்க்கிணற்றில் நீர்மட்டம் எத்தனை மீட்டரில் இருக்கிறது, அதைச் சுற்றி எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் இயங்குகின்றன, அதில் எத்தனைக்கு அனுமதி உண்டு என்ற நான்கு கணக்குகளையும் மாதா மாதம் எடுத்து, ஜாமே மசூதி வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பாரசீகத்தில் எழுதினால் போதும். தொழ வருகிறவர் ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும். ஒரு மாதம் தண்ணீர் குறைந்தால் ஏன் என்று உங்களிடம் கேட்கட்டும்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ்ப் பாசனப் பொறியாளர்